பூங்காவுக்கு எத்தனை நிமிட நடை? சேலம் நகரத்துக்கான வரைபடம் தயாரிக்கும் முழுமையான வழிகாட்டி

சேலத்தில் எந்தெந்தத் தெருக்களில் இருப்பவர்கள் ஒரு பூங்காவுக்கு நடந்தே போய்வர முடியும், எந்தெந்தத் தெருக்களில் முடியாது என்பதைக் காட்டும் வரைபடத்தை, இலவச மென்பொருளையும் இலவசத் தரவையும் கொண்டு ஒருவரே தயாரிக்கலாம். கணினி வேலை இரண்டு நாளில் முடியும். களவேலைக்கு மூன்று, நான்கு வார இறுதிகள் தேவைப்படும். புதியவர்கள் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு, இரண்டு வாரம் திரையின் முன் உட்கார்ந்துவிட்டு ஒரு மாலை மட்டும் வெளியே சென்று வருகிறார்கள். அவ்வாறு வரும் வரைபடங்கள் பார்ப்பதற்கு அழகாக இருக்கும்; ஆனால் அந்தத் தெருக்காரர் ஒருவரிடம் காட்டினால் ஒரு நிமிடத்தில் பிழை சொல்லிவிடுவார்.

கீழே உள்ள படிகளின் வரிசை முக்கியமானது. குறிப்பாக ஐந்தாம் படியை முடிக்காமல் ஆறாம் படிக்குச் செல்ல வேண்டாம்.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிவையுங்கள்

‘பூங்கா வசதி’ என்று பொதுவாக வைத்துக்கொண்டு தொடங்கினால் பாதி வழியில் அளவுகோல் மாறிவிடும். யார், எங்கிருந்து, எப்படி, எவ்வளவு நேரத்தில், எத்தகைய பூங்காவுக்கு என்ற ஐந்துக்கும் விடை இருக்கும்படி ஒரு வாக்கியம் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: ‘சேலம் மாநகராட்சி எல்லைக்குள் வசிப்பவர்களில் எத்தனை பேர், கட்டணமில்லாத பூங்கா ஒன்றின் திறந்திருக்கும் வாசலைத் தெரு வழியாக 400 மீட்டருக்குள் அடைய முடியும்?’

இந்த 400 மீட்டர், ஐ.நா. வாழ்விட அமைப்பு பொதுவெளிகளுக்குப் பயன்படுத்தும் அளவு. நடந்து போகும் தெரு வழியே அளப்பது. உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பிய அலுவலகம் 2016-இல் பரிந்துரைத்த 300 மீட்டர் வேறு வகை: அது நேர்கோட்டுத் தொலைவு, குறைந்தது 0.5 ஹெக்டேர் பரப்புள்ள பசுமைவெளிக்கானது. இந்த இரண்டையும் கலந்துவிடுவதே நான் மிக அதிகமாகப் பார்க்கும் பிழை. 300 மீட்டரைத் தெரு வழியே அளந்துவிட்டு ‘உலகத் தரத்தைவிடப் பின்தங்கியிருக்கிறோம்’ என்று எழுதினால், அது ஒப்பிடக் கூடாத இரண்டை ஒப்பிட்டதாகும்.

0.5 ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 1.24 ஏக்கர். சேலத்தின் லேஅவுட் பூங்காக்களில் பத்து சென்ட், இருபது சென்ட் அளவில் இருப்பவை நிறைய. ஒரு சென்ட் என்பது சுமார் 40.5 சதுர மீட்டர். பரப்பு வரம்பைப் போட்டவுடன் அவை எல்லாம் வரைபடத்திலிருந்து மறைந்துவிடும். ஆகவே பரப்பை முதலிலேயே வடிகட்டியாக வைக்காமல், ஒவ்வொரு பூங்காவுக்கும் ஒரு பண்பாகக் குறித்துவைத்து, இறுதியில் இரு விதமாகவும் வரைபடம் எடுங்கள்.

நடை வேகத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மணிக்கு 4.8 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 80 மீட்டர். ஐந்து நிமிடத்தில் 400 மீட்டர். முழங்கால் வலியுள்ள ஒருவர் மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடப்பார் என்று கொண்டால், அதே ஐந்து நிமிடத்தில் அவர் 250 மீட்டர்தான் போவார். பூங்காவை அதிகம் நாடுபவர்கள் முதியவர்களும் குழந்தைகளும் என்பதால் 250, 400, 800 என்ற மூன்று எல்லைகளையும் கணக்கிடுவது என் வழக்கம்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கணினியில் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு, கைப்பேசியில் களத்தில் விவரம் பதிவதற்கான க்யூஃபீல்ட் செயலி, தன்னார்வலர்கள் உருவாக்கும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை எடுக்க ஓவர்பாஸ் டர்போ தளம், மாநகராட்சியின் எல்லையும் வார்டு எல்லைகளும் கொண்ட லேயர் (ஒரு வகைத் தரவு மட்டும் உள்ள வரைபட அடுக்கு), மக்கள்தொகைத் தரவு, கட்டடங்களின் உருவரைத் தரவு ஆகியவை போதும். ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். வெயிலில் கைப்பேசித் திரை தெரியாத நேரத்தில் அதுதான் உதவும்.

வார்டு எல்லையில் கவனம் தேவை. 2022 உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் தமிழ்நாட்டில் வார்டுகள் மறுவரையறை செய்யப்பட்டன. சேலத்தில் முன்பும் 60 வார்டு, இப்போதும் 60 வார்டு என்பதால் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே இடத்தைக் குறிக்கும் என்று எண்ணிவிடுவது எளிது. 2011 கணக்கெடுப்பின் வார்டு வாரியான மக்கள்தொகையைப் புதிய எல்லைகளோடு எண்ணை மட்டும் பார்த்து இணைத்தால், பிழைச் செய்தி எதுவும் வராது. விடை மட்டும் தவறாக வரும். கணக்கெடுப்பு எந்த எல்லையில் எடுக்கப்பட்டதோ அந்த எல்லையோடுதான் இணைக்க வேண்டும்.

எல்லையை எடுத்ததும் அதைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டர் அகலப்படுத்திக்கொண்டு, அந்தப் பெரிய பரப்புக்கே எல்லாத் தரவையும் எடுங்கள். கன்னங்குறிச்சி தனிப் பேரூராட்சி. ஆனால் மாநகராட்சியின் வட விளிம்பில் இருப்பவர் மாலை நடைக்கு அந்தப் பக்கம் போகும்போது எல்லைக் கல்லைப் பார்த்துத் திரும்புவதில்லை. வெளியே உள்ள பூங்காவையும் தெருவையும் வெட்டிவிட்டால் விளிம்பில் உள்ள வார்டுகள் எல்லாம் காரணமின்றி வறண்டதாகத் தெரியும்.

3. ஆள்கூற்று முறையை மீட்டருக்கு மாற்றுங்கள்

இணையத்திலிருந்து வரும் தரவில் இடங்களைக் குறிக்கும் எண்கள், அதாவது ஆள்கூறுகள், பாகைக் கணக்கில் இருக்கும். அதில் 400 என்று பஃபர் (சுற்றிலும் அவ்வளவு தூரத்துக்கு வரையும் பட்டை) கொடுத்தால் மென்பொருள் 400 பாகை என்று எடுத்துக்கொண்டு உலகத்தையே சுற்றி வளைத்துவிடும். இந்தப் பிழை கண்ணில் பட்டுவிடுவதால் ஆபத்தில்லை. 400 மீட்டர் என்பது ஏறத்தாழ 0.0036 பாகை என்று கணக்குப் போட்டு அதைக் கொடுப்பவர்களின் பிழைதான் கண்ணில் படாது. அகலத்திலும் நீளத்திலும் ஒரு பாகையின் மீட்டர் அளவு ஒன்றல்ல.

எல்லா லேயரையும் இ.பி.எஸ்.ஜி. 32644 என்ற குறியீட்டெண் கொண்ட, மீட்டரில் அளக்கும் முறைக்கு, அதாவது உலகைப் பட்டைகளாகப் பிரிக்கும் யூ.டி.எம். முறையின் 44 வடக்கு மண்டலத்துக்கு, மாற்றிச் சேமியுங்கள். திரையின் அடியில் காட்டப்படும் முறையை மாற்றுவது போதாது. கோப்பே மாற வேண்டும். 43-ஆம், 44-ஆம் மண்டலங்களைப் பிரிக்கும் 78 பாகை தீர்க்கரேகை சேலம் நகரத்துக்குச் சற்று மேற்கே செல்கிறது. ஆகவே சேலமும் ஏற்காடும் 44-இல் விழ, மேட்டூரும் எடப்பாடியும் சங்ககிரியும் 43-இல் விழுகின்றன. மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கு யாரோ செய்த லேயரை வாங்கி ஒட்டும்போது இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நகரம் மண்டலத்தின் ஓரத்தில் இருப்பதால் அளவு பிசகுமோ என்று கவலைப்பட வேண்டாம். 400 மீட்டரில் அரை மீட்டர்கூடத் தவறாது.

4. பூங்காக்களின் பட்டியலைத் தயாரியுங்கள்

ஓவர்பாஸ் டர்போவில் பூங்கா, தோட்டம், விளையாட்டுத்திடல் ஆகிய மூன்று வகைகளையும் தனித்தனியாக எடுங்கள். ஒரே பூங்கா சில நேரம் பரப்பாகவும் புள்ளியாகவும் இரு முறை பதிவாகியிருக்கும். பரப்புக்குள் விழும் புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து நீக்கிவிடுங்கள். தனியார் அனுமதி என்று குறிக்கப்பட்டவை அடுக்குமாடி வளாகத்தின் உள்தோட்டங்களாகவே பெரும்பாலும் இருக்கும், அவற்றை விலக்குங்கள்.

அடுத்து, இதில் இல்லாதவற்றைச் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்கப்பட வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் பணமாகச் செலுத்தித் தப்ப முடியாது, நிலமாகவே ஒப்படைக்க வேண்டும். இதைத்தான் ஓ.எஸ்.ஆர். நிலம் என்றும், தெருவில் ‘பார்க் சைட்’ என்றும் சொல்கிறோம். லேஅவுட் வரைபடத்தில் பச்சை வண்ணம் இருப்பதாலேயே அங்கே பூங்கா இருக்கிறது என்று பொருளில்லை. சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கலாம். கட்டட இடிபாடு கொட்டிய மேடாக இருக்கலாம். ஒரு பிள்ளையார் கோவிலும் நீர்த்தேக்கத் தொட்டியும் அதில் எழும்பியிருக்கலாம். பட்டியலில் சேர்த்து, ‘நேரில் பார்க்கவில்லை’ என்று குறித்துவையுங்கள்.

எல்லைக்கோட்டு இடங்களுக்கு முன்கூட்டியே விதி வகுத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் உள்ள குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா நுழைவுச்சீட்டு உள்ள இடம். பெயரில் ‘பூங்கா’ இருந்தாலும் அது அன்றாடம் நடக்கப் போகும் இடமன்று, தனி வகையில் வையுங்கள். மூக்கனேரி போன்ற ஏரிகளின் கரையில் நடப்பவர்களும் உண்டு. கரையைச் சேர்ப்பதா என்பது உங்கள் முடிவு, ஆனால் ஒரு கரையைச் சேர்த்தால் அதே தன்மையுள்ள எல்லாக் கரைகளையும் சேர்க்க வேண்டும். பள்ளி மைதானத்தை நான் சேர்ப்பதில்லை. மாலையில் கேட் திறந்திருந்தாலும் அது உரிமையாகத் திறந்திருப்பதன்று.

5. ஒவ்வொரு வாசலையும் நேரில் சென்று குறியுங்கள்

இந்தப் படிதான் வரைபடத்தின் உயிர். மென்பொருளுக்குப் பூங்காவின் நடுப்புள்ளியைத் தொடக்கமாகக் கொடுப்பவர்கள், மனிதர்கள் சுவரைத் தாண்டிக் குதித்து உள்ளே போவார்கள் என்று கருதுகிறார்கள். பூங்காவின் எல்லைக்கோட்டைக் கொடுப்பவர்களும் அதையேதான் செய்கிறார்கள். தொலைவு வாசலில்தான் தொடங்குகிறது.

அழகாபுரம் பக்கம் ஒரு லேஅவுட் பூங்காவுக்குப் போயிருந்தேன். செயற்கைக்கோள் படத்தில் மூன்று பக்கமும் தெரு, மூன்று பக்கமும் கேட். கிழக்குக் கேட்டில் சங்கிலி சுற்றிப் பூட்டியிருந்தது. பூட்டின் சாவித்துளை துருவில் அடைந்துபோயிருக்க, சங்கிலியைப் பற்றி ஏறிய கோவைக்கொடியில் மூன்று காய்கள் தொங்கின. எதிர்வீட்டு வாசலில் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். “அதத் திறக்கறதே இல்லீங்க தம்பி. ஆடு உள்ள போயிருதுன்னு பூட்டுனாங்க, அப்புறம் சாவியே காணோம். பார்க்குக்குப் போவணும்னா இப்படியே சுத்திக்கிட்டு மேக்கால போங்க” என்றார். அந்தச் சுற்றை நடந்து அளந்தபோது 310 மீட்டர் வந்தது. அவருடைய வாசற்படிக்கும் பூங்காச் சுவருக்கும் இடையே எட்டு மீட்டர். நேர்கோட்டு முறையில் அந்த வீடு நகரத்திலேயே பூங்காவுக்கு மிக அருகில் உள்ள வீடுகளில் ஒன்று. முதியவரின் 250 மீட்டர் கணக்கில் அது பூங்கா இல்லாத வீடு.

க்யூஃபீல்டில் வாசலுக்கென்று ஒரு புள்ளி லேயர் அமைத்து, பூங்காவின் எண், வாசல் திறந்திருந்ததா, பார்த்த தேதியும் நேரமும், படி உண்டா சரிவுப்பாதை உண்டா, கட்டணம் உண்டா, வாசல் எந்தத் தெருவில் திறக்கிறது ஆகிய ஆறு விவரங்களை மட்டும் கேளுங்கள். இருபது விவரம் கேட்கும் படிவத்தைத் தயாரித்தவர்கள் நான்காவது பூங்காவிலேயே பாதியைக் காலியாக விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தெருவின் பெயரைக் கேட்பதற்குக் காரணம் ஏழாம் படியில் தெரியும்.

ஒவ்வொரு பூங்காவையும் இரண்டு முறை பாருங்கள்: ஒரு முறை காலை அல்லது மாலையில், இன்னொரு முறை நண்பகலில். காலையிலும் மாலையிலும் மட்டும் திறக்கும் பூங்காக்கள் உள்ளன. பகல் பன்னிரண்டு மணிக்கு மட்டும் சென்று பார்த்துவிட்டு ‘பூட்டியிருக்கிறது’ என்று எழுதுவது தவறான பதிவு. மாலையில் சென்றால் இன்னொன்றும் தெரியும்: வாசலுக்கு வரும் தெருவில் விளக்கு எரிகிறதா என்பது.

கைப்பேசியின் இடங்காட்டி திறந்தவெளியில் சில மீட்டர் துல்லியத்தில் இயங்கும். குகை, செவ்வாய்ப்பேட்டை போன்ற பழைய பகுதிகளின் நெருக்கமான சந்துகளில் அது அடுத்த தெருவுக்கே தாவிவிடும். அங்கே புள்ளியை அப்படியே ஏற்காமல், திரையில் உள்ள செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து விரலால் நகர்த்திச் சரிசெய்த பிறகே சேமியுங்கள்.

6. தெரு வலையைச் சீர்செய்யுங்கள்

ஓவர்பாஸிலிருந்து சாலை வகைக் கோடுகளை மட்டும் எடுங்கள். ‘எல்லாக் கோடுகளும்’ என்று எடுத்தால் தண்டவாளமும் வாய்க்காலும் எல்லைக்கோடும் சேர்ந்து வந்துவிடும். மென்பொருளுக்கு எல்லாம் நடைபாதைதான். ஒருவழி என்ற பண்பைப் பொருட்படுத்த வேண்டாம், நடப்பவருக்கு ஒருவழி கிடையாது.

பின்பு விடுபட்ட சந்துகளை வரைய வேண்டும். அம்மாபேட்டை, குகை, தாதகாப்பட்டிப் பகுதிகளில் இரண்டு பேர் தோளுரசி நடக்கும் சந்துகள் வழியாகத்தான் பாதி ஊர் போய்வருகிறது. வரையும்போது, கோட்டை அருகிலுள்ள புள்ளியில் ஒட்டவைக்கும் ஸ்நாப்பிங் வசதியைத் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். புதிய சந்தின் முனை, பழைய தெருக்கோட்டில் உள்ள ஒரு புள்ளியைத் தொட்டிருக்க வேண்டும். அரை மீட்டர் தள்ளி நின்றாலும் திரையில் சேர்ந்ததுபோலத் தெரியும், கணக்கில் முட்டுச்சந்தாகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஏதேனும் ஒரு வாசலிலிருந்து பத்து, பதினைந்து கிலோமீட்டர் என்று மிகப் பெரிய தூரத்தைக் கொடுத்து, ஏழாம் படியில் சொல்லும் கருவியால் எட்டக்கூடிய தெருக்களைக் கணக்கிடுங்கள். நகரத்தின் மொத்தப் பரப்பே 91.34 சதுர கிலோமீட்டர்தான் என்பதால் எல்லாத் தெருக்களும் அதில் வந்துவிட வேண்டும். வராதவை எல்லாம் துண்டுபட்ட தீவுகள். முதல் முயற்சியில் தீவுகள் ஏராளமாகக் கிடைக்கும்; ஒவ்வொன்றாக ஒட்டவைப்பதுதான் வேலை.

இங்கே ஒரு குறுக்குவழி ஆசை வரும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் எல்லா இடத்திலும் தானாகவே துண்டாக்கிச் சேர்க்கும் கருவியை ஓடவிட்டால் தீவுகள் ஒரே நொடியில் மறையும். ஆனால் ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலம் கீழே உள்ள சாலைகளோடு ஒட்டிக்கொள்ளும்; தண்டவாளத்துக்கு மேலே செல்லும் பாலங்களிலும், சுரங்கப்பாதைகளிலும் இதுவே நடக்கும். பாலத்தின் நடுவிலிருந்து கீழே குதித்து நடக்கும் மனிதர்கள் உங்கள் கணக்கில் உருவாவார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உண்மையான சந்திப்புகளுக்கு மட்டுமே பொதுப் புள்ளி இருக்கும். அந்த நேர்த்தியைக் கெடுக்காதீர்கள். நடப்பவர் பயன்படுத்தாத மேம்பாலப் பகுதிகளை முழுவதுமாக நீக்கிவிடுவது இன்னும் நல்லது.

சேலத்தில் மூன்று தடைகளை நேரில் பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். முதலாவது, ஜங்ஷனிலிருந்து டவுன் ஸ்டேஷன் வழியாக ஆத்தூர், விருத்தாசலம் நோக்கிச் செல்லும் தண்டவாளம். கேட் எங்கே, சுரங்கப்பாதை எங்கே என்பதைக் குறியுங்கள். சுவரில் உடைப்பு ஏற்படுத்தி மக்கள் கடக்கும் இடங்களை நான் சேர்ப்பதில்லை, ஏனெனில் ஒரு குழந்தையை அவ்வழியே பூங்காவுக்கு அனுப்ப முடியாது. இரண்டாவது, நகரத்தின் நடுவே செல்லும் திருமணிமுத்தாறு; வரைபடத்தில் இல்லாத சிறு நடைபாலங்கள் இதில் இருக்கின்றனவா என்று கரையோரமாக நடந்து பார்ப்பதே வழி. மூன்றாவது, புறவழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை. அதன் நடுத்தடுப்பை ஏறிக் கடப்பதை வழியாகக் கொள்ளக் கூடாது. கீழ்ப்பாலம் உள்ள இடங்களில் மட்டுமே இரு பக்கமும் இணைய வேண்டும்.

7. வாசலிலிருந்து நடைதூரத்தைக் கணக்கிடுங்கள்

க்யூஜிஐஎஸ் கருவிப்பெட்டியில் நெட்வொர்க் அனாலிசிஸ் பகுதியில் ‘சர்வீஸ் ஏரியா ஃப்ரம் லேயர்’ என்ற கருவி இருக்கிறது. தெரு வலையையும் திறந்திருக்கும் வாசல்களையும் கொடுத்து, குறுகிய வழி என்று தேர்ந்தெடுத்து, 400 என்று இட்டு இயக்குங்கள். 250-க்கும் 800-க்கும் இதையே மறுபடி செய்யுங்கள். டோபாலஜி டாலரன்ஸை, அதாவது எவ்வளவு நெருங்கிய முனைகளை ஒன்றாகக் கொள்வது என்ற அளவை, அரை மீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டாம். பத்து மீட்டர் கொடுத்தால் அருகருகே ஓடும் இரு சந்துகளின் முனைகள் ஒன்றாகிவிடும்.

இந்தக் கருவி ஒவ்வொரு வாசலையும் மிக அருகில் உள்ள கோட்டோடு ஒட்டும். அந்தக் கோடு எந்தத் தெரு என்று அது யோசிப்பதில்லை. சிறிய பூங்காவின் வாசல் வடக்குத் தெருவில் இருந்தாலும், புள்ளி சற்று உள்ளே விழுந்திருந்தால் தெற்குத் தெருவோடு ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் படியில் குறித்த தெருவின் பெயரை, மிக அருகில் உள்ள கோட்டின் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முரண்படுபவற்றை மட்டும் கையால் நகர்த்தினால் போதும்.

விடை கோடுகளாக வரும், பரப்பாக வராது. அதைப் பரப்பாக்குவதற்குக் கோடுகளின் வெளிமுனைகளை இணைத்துப் பலகோணம் வரைபவர்கள் உண்டு. அந்தப் பலகோணம் தண்டவாளத்துக்கு அப்பால் உள்ள தெருக்களையும் விழுங்கிவிடும். ஆறாம் படியில் பட்ட பாடு வீண். அதற்குப் பதிலாகக் கோடுகளின் இருபுறமும் 25 மீட்டர் பஃபர் போடுங்கள். லேஅவுட் மனைகள் பொதுவாக அறுபது அடிக்குள்ளான ஆழம் கொண்டவை. தெருவின் பாதி அகலத்தையும் சேர்த்தால் 23 மீட்டர் அளவில் மனை முடிந்துவிடும். 50 மீட்டர் என்று தாராளமாகக் கொடுத்தால் முதுகோடு முதுகாக நிற்கும் பின்தெரு வீடும் உள்ளே வந்துவிடும். அந்த வீட்டுக்காரர் சுற்றித்தான் வர வேண்டும்.

முடிவில் எல்லா வாசல்களின் பரப்புகளையும் டிசால்வ் செய்து ஒன்றாக்குங்கள். இதை மறந்தால் இரண்டு பூங்காக்களுக்கு நடுவே இருப்பவர் இரண்டு முறை எண்ணப்படுவார்.

நேர்கோட்டு வட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. 400 மீட்டர் ஆரமுள்ள வட்டம் சுமார் 50 ஹெக்டேர். கட்டம் கட்டமாக நேராக வகுத்த தெருக்களிலும் அதே 400 மீட்டரில் எட்டக்கூடிய பரப்பு 32 ஹெக்டேர்தான், வட்டத்தில் 64 சதவீதம். உங்கள் விடையில் ஒரு வாசல் இதைவிட மிக அதிகமாகக் காட்டினால் வலையில் பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.

8. மக்களை வரைபடத்தில் வையுங்கள்

பரப்பு எவ்வளவு எட்டப்படுகிறது என்பது பொருளற்ற எண். ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஹெக்டேரும் அம்மாபேட்டையில் ஒரு ஹெக்டேரும் ஒரே எண்ணிக்கை மக்களைத் தாங்குவதில்லை.

எளிய வழி, நூறு மீட்டர்க் கட்டம் ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று மதிப்பிட்டுத் தரும் வேர்ல்ட்பாப் போன்ற தரவு. அதில் மக்களைக் கட்டடமுள்ள கட்டங்களுக்கு மட்டும் பகிர்ந்த பதிப்பை எடுங்கள். மற்றொரு பதிப்பு நகரமலைச் சரிவிலும் சிலரைக் குடியமர்த்திவிடும். ஆனால் நூறு மீட்டர்க் கட்டத்தின் மேல் ஐம்பது மீட்டர் அகலமுள்ள பட்டைகளை வைத்து எண்ணும்போது, கட்டத்தின் மையம் பட்டைக்குள் விழுகிறதா என்ற தற்செயலே விடையைத் தீர்மானிக்கும். முதல் மதிப்பீட்டுக்கு மட்டுமே இது பொருந்தும்.

நான் பின்பற்றும் வழி, வார்டு மக்கள்தொகையைக் கட்டடங்களுக்குப் பகிர்வது. கூகுள் ஓப்பன் பில்டிங்ஸ் தரவில் கட்டடங்களின் உருவரை கிடைக்கும். ஒரு வார்டில் 14,000 பேர், கட்டடங்களின் மொத்தப் பரப்பு 2,80,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 100 சதுர மீட்டர் வீட்டுக்கு ஐந்து பேர் என்று வரும். பகிர்வதற்கு முன் மில், குடோன், பள்ளி, கல்யாண மண்டபம், பேருந்து நிலையம் ஆகியவற்றை நீக்குங்கள். நெசவாளர் பகுதிகளில் தறியும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் அவற்றைப் ‘பட்டறை’ என்று நீக்கிவிட வேண்டாம். பிறகு கட்டடத்தின் நடுப்புள்ளி ஏழாம் படியின் பரப்புக்குள் விழுகிறதா என்று பார்த்துக் கூட்டினால் போதும்.

இந்த முறை அடுக்குமாடியையும் ஓட்டுவீட்டையும் ஒன்றாகவே கருதுகிறது. ஆகவே விடையை ‘63.47 சதவீதம்’ என்ற வகையில் எழுதாதீர்கள். ‘பத்தில் ஆறு பேர்’ என்பதற்கு மேல் துல்லியம் அதற்குக் கிடையாது.

9. ஏற்காட்டுக்குச் செய்வதானால்

மலையில் மீட்டர்க் கணக்கு உதவாது. நிமிடக் கணக்குக்கு மாற வேண்டும். 1892-இல் நெய்ஸ்மித் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். சமதளத்தில் 400 மீட்டர் நடக்க 4.8 நிமிடம், அதே 400 மீட்டரில் 40 மீட்டர் உயரம் ஏறினால் மேலும் நான்கு நிமிடம், ஆக 8.8 நிமிடம்.

க்யூஜிஐஎஸ்ஸின் சர்வீஸ் ஏரியா கருவிக்கு ஏற்றமும் இறக்கமும் தெரியாது. கிராஸ் என்ற மற்றொரு இலவச வரைபட மென்பொருளின் ஆர்.வாக் கருவி இந்த விதியையே பின்பற்றுகிறது; முப்பது மீட்டர்க் கட்டங்களில் நில உயரத்தைத் தரும் தரவு அதற்குப் போதும். கவனிக்க வேண்டியவை இரண்டு. கட்டுப்படுத்தாவிட்டால் அது வேலி போட்ட காப்பித் தோட்டத்தின் ஊடாகவும் நேராக நடந்துவிடும். ஆகவே பாதை இல்லாத கட்டங்களை எல்லாம் வெற்றிடமாக்கிவிடுங்கள். மற்றொன்று, அது தொடக்கப்புள்ளியிலிருந்து வெளியே போகும் நேரத்தைத் தருகிறது. வாசலைத் தொடக்கமாகக் கொடுத்தால் கிடைப்பது பூங்காவிலிருந்து வீடு திரும்பும் நேரம். ஏரியை ஒட்டித் தாழ்வில் உள்ள பூங்காக்களுக்கு அதுதான் ஏற்றம், கடினமான பாதி. அதையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் எது என்பதைக் குறிப்பில் எழுதுங்கள்.

ஏரிப் பக்கத்துப் பூங்காக்கள் சுற்றுலாப் பயணிகளை எண்ணி அமைந்தவை. நுழைவுக் கட்டணம் உள்ளவற்றை நீக்கிவிட்டு உள்ளூர்க்காரருக்கான வரைபடத்தைத் தனியாக எடுத்தால் படம் அடையாளம் தெரியாமல் மாறும். என்னைக் கேட்டால் இரண்டையும் ஒரே தாளில் அருகருகே அச்சிடுவேன்.

10. நடந்து சரிபாருங்கள்

எட்டும் பரப்பின் விளிம்பில் உள்ள வீடுகளில் இருபதைத் தற்செயலாகத் தேர்ந்தெடுங்கள். பரப்பின் நடுவே உள்ளவை எப்படியும் சரியாகத்தான் இருக்கும், விளிம்பில்தான் பிழை ஒளிந்திருக்கும். பத்து உள்ளே, பத்து வெளியே. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வாசல் வரை நடந்து, கைப்பேசியில் தடத்தைப் பதிவு செய்து, வரைபடம் சொன்ன தூரத்தோடு ஒப்பிடுங்கள். பத்து சதவீதத்துக்குள் வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் காரணம் பெரும்பாலும் வரைபடத்தில் இல்லாத சந்து, அல்லது இப்போது கேட் போட்டு மூடிவிட்ட சந்து.

வழியில் யாரையாவது, ‘பார்க்குக்கு எப்படிப் போவீர்கள்?’ என்று கேளுங்கள். குறுகிய வழியைச் சொல்லாமல் வேறு வழியைச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். டாஸ்மாக் கடை, நாய்க்கூட்டம், விளக்கில்லாத வளைவு என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதைத் தெரு லேயரில் ஒரு குறிப்பாகச் சேருங்கள். கணக்கை மாற்ற வேண்டாம், குறிப்பு மட்டும்.

11. வரைபடத்தை வெளியிடும்போது

எட்டாத வீடுகளை அழுத்தமான வண்ணத்திலும் எட்டுபவற்றை மங்கலாகவும் காட்டுங்கள். பார்ப்பவர் கண் போக வேண்டிய இடம் அதுதான். யாரும் வசிக்காத மலைச்சரிவையும் ஏரியையும் ‘எட்டாத பகுதி’யாக வண்ணமிடாமல் வெறுமையாக விடுங்கள். வார்டு சராசரியை மட்டும் காட்டினால், ஒரே வார்டில் தண்டவாளத்துக்கு இப்பால் பூங்காவும் அப்பால் ஒன்றுமில்லாமலும் இருப்பது மறைந்துவிடும். கட்டட அளவில் காட்டுங்கள். தரவு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுடையது என்று மூலையில் எழுதுவது அதன் உரிம நிபந்தனை. நீங்கள் வரைந்த சந்துகளையும் வாசல்களையும் அதிலேயே ஏற்றிவிட்டால், அடுத்து இதைச் செய்பவருக்கு மூன்று வாரம் மிச்சமாகும்.

பூட்டிய வாசல்களைத் திறந்ததாகக் கொண்டு ஏழாம் படியை இன்னொரு முறை ஓடவிட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனிப் படமாக எடுங்கள். எந்தக் கேட்டைத் திறந்தால் எத்தனை வீடுகள் உள்ளே வரும் என்று பட்டியல் கிடைக்கும். வார்டு உறுப்பினரிடம் மனு கொடுக்கப் போகும்போது அந்தப் பட்டியலையும், ஒவ்வொரு கேட்டையும் பார்த்த தேதியோடு எடுத்துச் செல்லுங்கள்.